சக்கரங்களின் மேல் ஒரு நோய்ப்படுக்கை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம், வைத்தியம் என்பதை நான்கு அங்கங்களாகப் பகுத்துக் கூறி முடிகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன் என்பனவே அந்நான்கு. நோயாளி படுத்திருக்கும் இடம் இவற்றுள் எண்ணப்படவில்லை. இது மறதியால் நேர்ந்ததாக நான் கருதவில்லை. ஒருவனுக்கு நோய் வருமாயின், அவன் படுப்பதற்கு ஒரு கூரையும், கூரையின் கீழ் ஒரு மூலையும், அம்மூலைக்கு வைத்தியன் வழிதவறாது வந்து சேர்வதற்கு ஊரறிந்த ஒரு தெருவும் இருக்கும் என்பது, எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாத சாதாரண விஷயமாக இருந்தது. சொல்லாமல் விடப்பட்ட அந்த ஐந்தாம் அங்கம் இல்லாதொழிந்தால் மற்றை நான்கும் என்னவாகும் என்பதைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு, நம் காலத்தில் ஒரு விரிந்த களம் ஏற்பட்டிருக்கிறது. செல்வத்தில் தலைசிறந்த நாடாகிய அமெரிக்காவில், தீராத வியாதியும் தரித்திரமும் ஒருங்கே வந்து பற்றியவர்கள், வாடகை வீட்டை விட்டு வெளியேறி, ஒரு வேனையோ பழைய பேருந்தையோ இல்லமாக்கிக்கொண்டு நடத்தும் ஜீவனமே அக்களம்.

இவ்வாழ்க்கையை வெளியுலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் இரண்டு சித்திரங்களின் வாயிலாகத்தான். ஒன்று, கடற்கரையில் வேனின் பின்கதவைத் திறந்துவைத்து, கையில் காப்பிக் கோப்பையுடன் சூரியோதயத்தைப் பார்த்திருக்கும் இளந்தம்பதிகளின் படம். மற்றொன்று, ஜெசிகா புரூடர் என்னும் பத்திரிகையாளர் 2017-இல் வெளியிட்ட 'நோமட்லாண்ட்' என்ற நூலும், அதனைத் தழுவிக் குளோயி ஜாவ் இயக்கி, 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்ற திரைப்படமும் தீட்டிக்காட்டுவது. 2008-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், பண்டகசாலைகளிலும் சர்க்கரைப் பீட்ரூட் அறுவடையிலும் முகாம் மைதானங்களிலும் பருவத்துக்குப் பருவம் கூலிவேலை தேடி ஊர் ஊராய்ச் செல்லும் முதியவர்களின் கதை அது. முதற் சித்திரத்தில் வறுமை இல்லை. இரண்டாவதில் வறுமையும் உண்டு, முதுமையும் உண்டு, ஆயினும் அதன் மாந்தர் எப்படியோ உடலை வளைத்து உழைக்கின்றவர்கள். அவ்வாறு உழைக்கவும் இயலாது, உழைக்க இயலாமையை அரசாங்கத்துக்கு நிரூபித்துக் காட்டும் வரையில் உண்ணவும் வழியின்றி, வேனுக்குள் படுத்திருக்கும் நோயாளியின் சித்திரம் மூன்றாவது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கிட்டு வந்த முடிவு

வேனில் குடியேறுவது சபலபுத்தியின் செயல் என்று எண்ணுவோர் முதலில் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். உழைக்கும் திறனை இழந்தவர்களுக்கு அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை இருவகை உதவி அளிக்கிறது. ஏற்கெனவே வேலை செய்து வரி செலுத்தியவர்களுக்கான காப்பீடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. போதிய வேலைக்கணக்கு இல்லாத ஏழைகளுக்கான 'சப்ளிமென்டல் செக்யூரிட்டி இன்கம்' என்னும் உதவித்தொகை 1974 ஜனவரியில் வழங்கத் தொடங்கப்பெற்றது. பின்னதன்படி 2025-இல் தனியொருவர் மத்திய அரசிடமிருந்து பெறக்கூடிய உச்சத் தொகை மாதம் 967 டாலர். அந்நாட்டில் ஒரு படுக்கையறை உள்ள வீட்டின் சராசரி வாடகையோ, இத்தொகை முழுவதையும் விழுங்கிய பின்னும் பசி அடங்காதது. வாடகைக்கு அரசாங்க உதவி பெறத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கே அவ்வுதவி கிடைக்கிறது. மற்றவை காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்காய் நிற்கின்றன.

காத்திருத்தல் என்பது இங்கே வாடகைக்கு மட்டும் உரியதன்று. வேலைசெய்தோர் காப்பீட்டில், இயலாமை தொடங்கிய பிறகு ஐந்து முழு மாதங்கள் கழிந்தபின்னரே பணம் வரும். பணம் வரத் தொடங்கி 24 மாதங்கள் கழிந்தபின்னரே 'மெடிக்கேர்' என்னும் மருத்துவக் காப்பீடு வரும். ஆக, ஒருவன் நோயினால் வேலையை இழந்து, வேலையோடு வேலை அளித்த காப்பீட்டையும் இழந்து நிற்கும் நாள்முதல் எண்ணினால், வைத்தியத்துக்குரிய அரசாங்கத் துணை அவனை அடைய 29 மாதங்கள் ஆகும். இதுவும் அவனுடைய மனு ஏற்கப்பட்டால்தான். முதல் மனுக்களிற் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன, மேல்முறையீடு நீள்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2008 முதல் 2019 வரையிலான காலத்தில், மேல்முறையீட்டின் இறுதித் தீர்ப்பு வருமுன்னரே இறந்துபோனவர்கள் சுமார் 1,10,000 பேர்.

இவற்றுக்கு நடுவே விதிகளில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. ஏழைகளுக்கான அந்த உதவித்தொகையைப் பெறுபவர் 2,000 டாலருக்கு மேல் சொத்து வைத்திருத்தலாகாது. 1989-ஆம் ஆண்டில் நிர்ணயமான இவ்வரம்பு அதன்பின் உயர்த்தப்படவே இல்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டையும், ஒரே ஒரு வாகனத்தையும் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. நகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்க வேண்டுமானால் முதல் மாத வாடகையும் முன்பணமும் சேர்ந்து இவ்வரம்பை எளிதில் தாண்டும். அப்பணத்தைச் சேமித்தால் உதவித்தொகை நின்றுபோகும். ஓடக்கூடிய ஒரு பழைய வேனை வாங்கினாலோ எவ்விதத் தடையும் இல்லை. சட்டம் வேனில் வாழச் சொல்லவில்லை. எனினும் சட்டத்தின் வேலியில் நோயாளிக்குத் திறந்திருக்கும் ஒரே படல் வேனின் கதவாக இருக்கிறது. அவ்வேனின் எஞ்சின் பழுதுற்றால், பழுதுபார்க்கும் செலவுக்கென்று பணம் சேர்த்துவைப்பதையும் அதே 2,000 டாலர் வரம்பு தடுக்கிறது என்பது இவ்விசித்திரத்தின் மறுபாதி.

பொதுத் தங்குவிடுதிக்குப் போகாமல் வேனை நாடுவதற்கும் நியாயம் உண்டு. விடுதியில் வரிசையில் நின்று இடம்பிடிக்க வேண்டும். பகலில் வெளியேறிவிட வேண்டிய விடுதிகள் பல. 'மயால்ஜிக் என்செபலோமைலிடிஸ்' எனப்படும் நாட்பட்ட களைப்பு நோயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' 2015-இல் வெளியிட்ட அறிக்கை, இந்நோயுற்றோர் அந்நாட்டில் 8,36,000 முதல் 25 லட்சம் வரை இருக்கலாம் என்றும், சிறிதளவு உழைப்பும் நோயைப் பன்மடங்காக்குவதே அதன் தலையாய இலட்சணம் என்றும், நோயாளிகளில் நான்கில் ஒரு பங்கினர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்கிவிடுகின்றனர் என்றும் கூறிற்று. இத்தகையவருக்கு நினைத்த மாத்திரத்தில் படுத்துக்கொள்ளக் கிடைப்பதே பாதி மருந்து. வைத்தியசாலையின் வாகன நிறுத்தத்தில், வைத்தியரைப் பார்க்குமுன் அரைமணியும் பார்த்தபின் ஒருமணியும் தம் சொந்தப் படுக்கையிலே படுத்தெழுவதற்கு வேன் ஒன்றே இடங்கொடுக்கிறது. தாழிடக்கூடிய ஒரு கதவு, தன்னுடன் கூடவே வரும் ஒரு படுக்கை என்னும் இவ்விரண்டின் மதிப்பை, அவற்றைப் பறிகொடுத்தவர்களே அறிவர்.

மருந்து

நால்வகை அங்கங்களுள் மருந்தினை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில் இடமில்லாக் குறை அதன்மேல்தான் முதலில் தாக்குகிறது. நீரிழிவு நோயாளி செலுத்திக்கொள்ளும் இன்சுலின், திறக்கப்படாத நிலையில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருத்தல் வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பின்னரும், பெரும்பாலான வகைகளை 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் ஏறத்தாழ 28 நாட்களே வைத்திருக்கலாம். உறைந்துவிட்டால் அது வீண். மூடிய வாகனத்தின் வெப்பத்தைப் பற்றி 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியே இதமான வானிலை நிலவும்போதும் வாகனத்தினுள்ளே ஒருமணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடுகிறது என்றும், அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்றும், கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரும்பயன் இல்லை என்றும் காட்டியது. வீட்டிலிருப்பவனுக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தட்டாக முடிந்துபோகும் விஷயம், வேன்வாசிக்கு அன்றாடம் விடிந்தால் தொடங்கும் ஒரு வழக்காகிறது.

குளிர்ப்பெட்டி வைத்தால் மின்சாரம் வேண்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் வியாதியுள்ளவர் முகத்தில் அணிந்து உறங்கும் காற்றழுத்தக் கருவிக்கும் மின்சாரம் வேண்டும். கணக்கைக் கூட்டிப் பார்த்தால், 40 வாட் இழுக்கும் அக்கருவி எட்டு மணிநேர உறக்கத்துக்கு 320 வாட்-மணியைச் செலவிடும். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய குளிர்ப்பெட்டி 45 வாட் இழுத்து நாளின் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடுமாயின் அதற்கு 360. இரண்டும் சேர்ந்து 680. நூறு ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள லித்தியம் மின்கலம் ஒன்றில் சுமார் 1,280 வாட்-மணி அடங்கும். அதாவது சூரியன் முகங்காட்டாத இரண்டு நாட்களுக்குக்கூட அது முழுதாய்த் தாங்காது. கூரைமேல் 200 வாட் சூரியப் பலகை வைத்திருப்பவர் அரிசோனாப் பாலைவனத்தில் இத்தொகையை ஒருவாறு ஈடுசெய்துகொள்ளலாம். மார்கழி மாதத்துச் சியாட்டில் நகரத்து மேகங்களின் கீழே அது நடவாத காரியம். ஆகவே அந்நோயாளி, இன்றிரவு எங்கே தங்கலாம் என்று யோசிக்கும்போது, உண்மையில் இன்றிரவு எத்தனை மணிநேரம் மூச்சுவிடலாம் என்றே யோசிக்கிறார்.

வெயிலுக்கு அஞ்சியும் குளிருக்கு அஞ்சியும் வேன்வாசிகள் வலசை போகின்றனர். மாரிக்காலத்தில் அரிசோனாவின் தென்மேற்குப் பாலைநிலத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்திலுள்ள குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சுற்றிக் கூடுவோர், கோடையில் அதே மாநிலத்தில் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள பிளாக்ஸ்டாப் நகரத்துப் பைன் காடுகளுக்கு ஏறிச் செல்வது வழக்கம். வெப்பத்தால் நரம்பின் தளர்ச்சி மிகுகின்ற 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' நோயாளிக்கு இவ்வேற்றம் ஒரு வரப்பிரசாதம். நுரையீரல் பழுதுற்றவருக்கோ நிலைமை நேர்மாறு. அவ்வுயரத்தில் மூச்சோடு உட்செல்லும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கீழே இருந்தால் வெயில் வதைக்கும். மேலே போனால் மூச்சு முட்டும். சக்கரம் அளிக்கும் சுதந்திரம் எந்த உயரத்தில் எந்த நோய்க்கு இடங்கொடுக்கிறது என்பதை ஒவ்வொருவரும் தம் தேகத்தின் மேலேயே சோதித்து அறிய வேண்டியதாகிறது.

வைத்தியன்

வைத்தியன் ஓரிடத்தில் இருக்கிறான். நோயாளி ஓரிடத்தில் இல்லை. இந்த எளிய முரண்பாட்டிலிருந்து கிளைக்கும் சங்கடங்கள் பல. அமெரிக்காவில் ஏழைகளுக்குரிய 'மெடிக்கெய்டு' காப்பீடு மாநிலந்தோறும் தனித்தனியே நடத்தப்படுவது. அவசர சிகிச்சை நீங்கலாக, ஒரு மாநிலத்தின் அட்டை அடுத்த மாநிலத்தில் பொதுவாகச் செல்லுபடியாவதில்லை. நடமாடி வாழ்வோர் ஓட்டுநர் உரிமத்துக்கும் தபாலுக்கும் சட்டமுறையான முகவரியாகத் தேர்ந்துகொள்ளும் மாநிலங்கள் பெரும்பாலும் தெற்கு டகோட்டா, டெக்சஸ், புளோரிடா என்னும் மூன்று. மாநில வருமான வரி இல்லாமையும், தபாலைப் பெற்று அனுப்பிவைக்கும் நிலையங்கள் இருத்தலும் இதற்குக் காரணம். தெற்கு டகோட்டாவில் ஓரிரவு தங்கிய ரசீதைக் காட்டி உரிமம் பெற்றுவிடலாம். ஆனால் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த மெடிக்கெய்டு விஸ்தரிப்பை மாநிலங்கள் ஏற்காமலும் இருக்கலாம் என்று 2012-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின், டெக்சஸும் புளோரிடாவும் அதனை ஏற்கவில்லை. தெற்கு டகோட்டா 2022-ஆம் ஆண்டு வாக்கெடுப்புக்குப் பிறகே ஏற்றது. ஆக, முகவரி மலிவாய்க் கிடைக்கும் இடத்தில் வைத்தியம் அரிதாயிருக்கிறது.

வலிநோயாளியின் நிலை இன்னும் இறுக்கமானது. மத்திய அரசின் இரண்டாம் அட்டவணையில் அடங்கிய வலிநிவாரண மருந்துகளை ஒரே சீட்டைக் காட்டி மறுமுறை வாங்குவதற்குச் சட்டம் இடந்தராது. ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு வேண்டும். முகவரி தூரமாயிருக்கும் நோயாளியை வைத்தியரும் மருந்துக்கடைக்காரரும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது சகஜம். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணிநேரம், இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லவேண்டும். அவருடைய வேனுக்கு எத்தனை சக்கரங்கள் இருந்தென்ன, முளையில் கட்டிய கன்றுபோல அவர் அந்நிலையத்தைச் சுற்றியே மேய வேண்டியவர்.

தேசத்துக்குள்ளே கிடைக்காத வைத்தியத்தைத் தேசத்துக்கு வெளியே தேடுவோரும் உண்டு. 1965-இல் இயற்றப்பட்ட மெடிக்கேர் சட்டம், அதன் ஆதி வடிவில், சாதாரணப் பல் வைத்தியத்தையும் மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. அரிசோனாவின் யூமா நகரத்துக்கு அருகே, எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் லாஸ் அல்கோடோனெஸ் என்னும் சிற்றூரில் பல் வைத்தியசாலைகள் தெருவுக்குத் தெரு நெருங்கி நிற்பதன் இரகசியம் இதுதான். மாரிக்காலத்தில் பாலைநிலத்து வேன்வாசிகள் எல்லையில் வண்டியை நிறுத்திவிட்டு, நடந்தே அக்கரை சென்று, பல் கட்டிக்கொண்டும் கண்ணாடி வாங்கிக்கொண்டும் மாலைக்குள் திரும்புகின்றனர்.

நோயுற்றவன்

இனி நோயாளியின் தேகத்துக்கு வருவோம். குழாயைத் திருகினால் வரும் நீர் வேனில் ஒரு பாரமாகிறது. ஐந்து காலன் நீரின் எடை 19 கிலோ. மூட்டுவாதத்தால் விரல் மடங்கியவர் அதனைப் பெட்ரோல் நிலையத்திலிருந்து சுமந்துவந்து ஏற்றவேண்டும். நீரை இறக்கும் மாத்திரை உண்ணும் இருதய நோயாளிக்கு இரவில் பலமுறை எழவேண்டியிருக்கும். பொதுக் கழிப்பிடங்கள் அந்நேரத்தில் பூட்டப்பட்டிருக்கும். குடல் அழற்சி நோயாளிகளின் அவஸ்தையை உத்தேசித்து, கடைகள் தம் ஊழியருக்கான கழிப்பிடத்தை அவர்களுக்குத் திறந்துவிடவேண்டும் என்று இல்லினாய் மாநிலம் 2005-இல் ஒரு சட்டம் செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்பற்றின. கடை திறந்திருக்கும் நேரத்தில் அச்சட்டம் பயன்படும். பின்னிரவில் நோயாளிக்கு மிஞ்சுவது, மூடியுள்ள ஒரு வாளியும் அதன்மேல் தூவும் மரத்தூளும், தன் மானத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஒரு திரைச்சீலையும்.

இவை யாவற்றினும் கொடியது உறக்கத்தின் மேல் நிகழும் ஆக்கிரமிப்பு. வேன்வாசிகளின் பேச்சில் 'தட்டு' என்று பொருள்படும் ஒரு சொல் வழங்குகிறது. நள்ளிரவில் போலீஸ்காரரோ காவலாளியோ வந்து வண்டியின் பக்கவாட்டில் கைவிரலால் தட்டி, இங்கே நிற்கலாகாது, எடுத்துச் செல்லுங்கள் என்று சொல்வதையே அது குறிக்கும். அதனைத் தவிர்க்கும்பொருட்டு ஜன்னல்களை உட்புறம் மறைத்து, விளக்கை அணைத்து, குடியிருப்பின் அடையாளம் ஏதும் வெளியே தோன்றாதபடி படுத்துக்கொள்கின்றனர். நோயாளிக்கு இதில் இரட்டை நஷ்டம். தூக்க மாத்திரை உண்டவர் எழுந்து வண்டி ஓட்டலாகாது. உண்ணாவிட்டால் வலி உறங்கவிடாது. தட்டும் ஓசை வரலாம் என்னும் எதிர்பார்ப்பே, அது வராத இரவுகளிலும், உறக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

பொது நிலங்களில் இவ்வச்சம் குறைவு. மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக்குரிய மேற்குப் பிரதேசங்களில், எவரும் பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை ஓரிடத்தில் இலவசமாகத் தங்கலாம்; பிறகு நகர்ந்தே ஆகவேண்டும். குவார்ட்சைட்டுக்கு அருகிலுள்ள நீண்டகால முகாம் நிலங்களில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்குக் கட்டணம் வெகுகாலமாக 180 டாலராக இருந்துவந்தது. ஏழு மாதங்களுக்கு அசையாத ஓரிடம் அவ்விலைக்கு அந்நாட்டில் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் அங்கே வண்டிதோறும் குழாயும் இல்லை, பெரிய வைத்தியசாலையும் அருகில் இல்லை. நோயாளிக்கு நிம்மதி கிடைக்கும் இடமும் சிகிச்சை கிடைக்கும் இடமும் இங்கேயும் பிரிந்தே நிற்கின்றன.

வீடா, வண்டியா?

இம்மனிதர்களைச் சட்டம் எக்கண்கொண்டு பார்க்கிறது என்பது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்து வியாஜ்யம். 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில் ஓக்லஹோமாவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் பழைய மோட்டார் வண்டிகளில் குடும்பம் குடும்பமாகக் கலிபோர்னியாவுக்கு வந்தவர்களைத் தடுக்க, ஏழையொருவனை மாநிலத்துக்குள் அழைத்துவருதல் குற்றம் என்னும் சட்டத்தை அம்மாநிலம் பிரயோகித்தது. தம் மனைவியின் சகோதரரைக் காரில் ஏற்றிவந்த ஒருவர் தண்டிக்கப்பட்டார். 1941-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தையே ரத்துசெய்தது. அதன்பின் 1971 ஜூன் மாதத்தில், நாட்பட்ட ஆஸ்துமாவும் மார்ச்சளி நோயும் உள்ள ஓர் ஏழை நியூ மெக்சிகோவிலிருந்து அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்துக்கு வந்தார். அடுத்த மாதமே மூச்சுத்திணறல் கடுமையாக வந்தது. ஓராண்டு குடியிருக்காதவருக்கு இலவச சிகிச்சை இல்லை என்று அந்நகரம் அடங்கிய மாவட்டத்தின் நிர்வாகம் மறுத்தது. 1974-இல் உச்சநீதிமன்றம், நீதிபதி தர்கூட் மார்ஷல் எழுதிய தீர்ப்பின் மூலம், ஏழைக்கு வைத்தியமும் உயிர்வாழ்வின் ஓர் அடிப்படைத் தேவையே என்று கொண்டு, அவ்விதி செல்லாது என்றது. ஏழை இடம்விட்டு இடம் போகலாம் என்று முதல் தீர்ப்பும், போன இடத்தில் நோயாளியாகவும் இருக்கலாம் என்று இரண்டாவதும் கூறியதாக நாம் கொள்ளலாம்.

போகிற உரிமை இவ்வாறு கிட்டியது. நிற்கிற உரிமை கிட்டவில்லை. 1985-இல், சான் டியாகோ நகரத்து வழக்கொன்றில், படுக்கையும் அடுப்பும் கொண்ட மோட்டார் வீடும் சோதனைச் சட்டத்தின் முன் வாகனமே என்றும், வீட்டைச் சோதிக்க வேண்டிய நீதிமன்ற ஆணை அதற்கு அவசியமில்லை என்றும் உச்சநீதிமன்றம் தீர்மானித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வாகனத்தை வசிப்பிடமாகப் பயன்படுத்துவதையே 1983 முதல் தடைசெய்திருந்தது. அத்தடையின் சொற்கள் தெளிவற்றன என்று 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கிற்று. சியாட்டிலில் 2016-இல் ஒருவர் வசித்துவந்த டிரக்கை, 72 மணிநேரத்துக்கு மேல் நின்றது என்று நகராட்சி இழுத்துச் சென்றது. அவர் உழைத்துப் பிழைக்கும் கருவிகளெல்லாம் அதனுள் இருந்தன. வண்டியை மீட்க ஐந்நூறு டாலருக்கு மேல் மாதத்தவணையாகக் கட்டச் சொன்னார்கள். 2021-இல் வாஷிங்டன் மாநில உச்சநீதிமன்றம், அந்த டிரக் அவருடைய இல்லமே என்றும், அவருடைய ஏழ்மையை நோக்கும்போது அக்கட்டணம் அரசியல் சாசனம் விலக்கும் மிகையான தண்டம் என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் 2024 ஜூன் மாதத்தில், ஓரிகனிலுள்ள கிராண்ட்ஸ் பாஸ் என்னும் ஊரைப் பற்றிய வழக்கில், வேறு போக்கிடம் இல்லாதவர்களாயினும் பொது இடத்தில் தங்கி உறங்குவோருக்கு அபராதம் விதிப்பது கொடுந்தண்டனை ஆகாது என்று நாட்டின் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் முடிவுசெய்தது. அவ்வழக்கில் நகரத்துக்கு எதிராக நின்ற ஜான்சன் என்னும் பெண்மணி, தம் வேனில் உறங்கிவந்தவர்.

சோதனையிடும்போது வண்டி, இழுத்துச் செல்லும்போது ஒருகால் இல்லம், உறங்கும்போது குற்றத்தின் களம் என்று ஒரே தகரக்கூட்டுக்கு இத்தனை பெயர்கள் வழங்கும் நிலையில், கலிபோர்னியாவின் சான்டா பார்பரா நகரம் 2004-இல் ஒரு சமரச வழியைக் கண்டது. தேவாலயங்களும் நகராட்சியும் தம் வாகன நிறுத்தங்களை இரவில் வேன்வாசிகளுக்கு ஒதுக்கிக் கொடுத்தன. ஒரு தர்ம ஸ்தாபனம் அதனை நிர்வகித்தது. பின்னர் வேறு பல நகரங்களும் இம்முறையைக் கைக்கொண்டன. மாலையில் வந்து காலையில் போய்விட வேண்டும் என்பது இத்தகைய இடங்கள் பலவற்றின் விதி. தட்டும் ஓசைக்கு அஞ்சாத உறக்கம் பெரும் உபகாரமே. ஆயினும் காய்ச்சலோடு விழித்தெழுந்தவர் அன்று பகல் எங்கே படுப்பது என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை.

பணிவிடை செய்பவன்

நான்காம் அங்கத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், இவ்வாழ்க்கையில் மிகவும் அரிதாயிருப்பதும், கிடைத்தவிடத்தில் மற்றெல்லாக் குறைகளையும் ஓரளவு நிரப்புவதும் அதுவே என்பது. பாப் வெல்ஸ் என்பவர் 2011 முதல் குவார்ட்சைட் அருகே ஆண்டுதோறும் கூட்டிவரும் வேன்வாசிகளின் கூட்டத்தில், மலிவான சூரியப் பலகையைப் பொருத்துவது எப்படி, வாளியை நாற்றமின்றி வைப்பது எப்படி என்பவை கற்றுக்கொடுக்கப்படுகின்றன. எனினும் அங்கு வருவோர் பெற்றுச் செல்லும் முக்கிய லாபம், இரண்டு நாளாய்க் கதவு திறக்கவில்லையே என்று விசாரிக்கக்கூடிய ஓர் அண்டைவீட்டான். வாரக்கணக்கில் தனியே நிற்கும் வேனில் நோயாளி மயங்கி விழுந்தால் அதை அறிவார் எவருமில்லை.

இத்தேவையை முற்றும் உணர்ந்து செய்யப்பட்ட ஓர் ஏற்பாடு டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்னும் ஊரில் இருக்கிறது. ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர் 1978-இல் தொடங்கிய 'எஸ்கேப்பீஸ்' என்ற நடமாடுவோர் சங்கம், தன் உறுப்பினர்கள் மூப்பாலும் பிணியாலும் ஓட்டமுடியாத நிலையை அடைந்தபோது, அவர்களை முதியோர் விடுதியில் சேர்ப்பதற்குப் பதிலாக ஒரு பராமரிப்பு நிலையத்தை அவ்வூரில் அமைத்தது. நோயாளி தம் சொந்த வண்டியிலேயே குடியிருக்கிறார்; வண்டி நிலையத்துக்கருகே அசையாமல் நிற்கிறது; உணவும் சலவையும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் வாகனமும் நிலையத்திலிருந்து வருகின்றன. வண்டியும் அதே வண்டி, படுக்கையும் அதே படுக்கை. மருந்துக்கு மின்சாரம் கிடைக்கிறது. வைத்தியருக்கு நோயாளி இருக்குமிடம் தெரிகிறது. நோயுற்றவருக்கு உறக்கம் வருகிறது. இத்தனைக்கும் அப்பணிவிடையோடு அங்கே புதிதாய் அளிக்கப்பட்ட பொருள், ஒரு வண்டி நிற்குமளவுக்கு நிலமும், அங்கே நின்றுகொண்டிருக்க அனுமதியுமே.

அந்நிலையத்தில் இடம் உள்ளவர்கள் மிகச் சிலர். அமெரிக்காவில் 2024 ஜனவரியில் ஓரிரவு எடுத்த கணக்கின்படி உறைவிடமற்றோர் 7,71,480 பேர், அவர்களுள் வாகனத்தில் உறங்குவோரும் அடங்குவர். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு, இப்பெருந்தொகைக்குப் பரிகாரமென்று எவரும் சொல்லமாட்டார். ஆயினும் லிவிங்ஸ்டனில், காலையில், வண்டியின் பக்கவாட்டில் ஒரு கை தட்டுகிறது. உள்ளே படுத்திருப்பவர் திடுக்கிட்டு எழுந்து சாவியைத் தேடுவதில்லை. யாரோ உணவுக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று அறிந்து, மெல்லக் கால்களைத் தரையில் ஊன்றுகிறார்.